மாடி அறைக்கும் டிவி: எந்தப் பெட்டியை வாங்குவது?

கீழே ஓடும் டிவியை மாடியிலும் பார்க்க வேண்டும், பதிவு செய்து வைத்ததை எந்த அறையில் உட்கார்ந்தும் பார்க்க வேண்டும், என்ன வாங்கலாம் என்று யாராவது கேட்டால், பெட்டியின் பெயரைச் சொல்வதற்கு முன்னால் நான் இரண்டு விஷயம் கேட்பேன். ஏரியல் (ஆன்டெனா) வயர் எந்த அறையில் இறங்குகிறது? ரௌட்டர் எந்த அறையில் இருக்கிறது? இது தெரிந்தாலே பாதி முடிவு எடுத்த மாதிரி. மீதிப் பாதி, பதிவு செய்தது யார் கையில் இருக்கப் போகிறது என்பது. அதில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு, இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

நான் இருப்பது தெற்கு லண்டனில். மாடி ஜன்னலில் நின்றால் கிரிஸ்டல் பேலஸ் கோபுரம் தெரியும், 219 மீட்டர் உயரம். லண்டனில் ஏரியல் வைத்து டிவி பார்ப்பவர்களில் பெரும்பாலானோருக்கு சிக்னல் அங்கிருந்துதான் வருகிறது. இப்படி வரும் இலவச டிஜிட்டல் டிவிக்கு ஃப்ரீவியூ என்று பெயர். 2002 அக்டோபரில் தொடங்கியது, 2009 டிசம்பரில் ஹெச்டி சேர்ந்தது, 2012 ஏப்ரலில் லண்டனில் அனலாக் நின்றுபோனது. மாதச் சந்தா கிடையாது. டிவி லைசென்ஸ் மட்டும் கட்ட வேண்டும் (2025 ஏப்ரலில் அது ஆண்டுக்கு 174.50 பவுண்டு ஆனது), அந்த ஒரு லைசென்ஸ் வீட்டில் எத்தனை டிவி இருந்தாலும் போதும். முக்கியமான விஷயம், சிக்னலைப் பூட்டி அனுப்புவதில்லை. ஊரில் டிடிஹெச் சந்தா கட்டிப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது சட்டென்று பிடிபடாது. அங்கே கம்பெனி கொடுத்த பெட்டிதான் பூட்டைத் திறக்கும், இரண்டாவது டிவிக்கு இரண்டாவது பெட்டி வாங்கியாக வேண்டும். இங்கே ட்யூனர் உள்ள எந்தக் கருவியும் நேராகச் சேனலைப் பிடிக்கலாம். காற்றில் திறந்தபடி வருவதை வீட்டுக்குள் கொண்டுவந்து நாமே ஏன் பூட்டி வைக்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

2019 ஜூலை 14, ஞாயிற்றுக்கிழமை. லார்ட்ஸில் கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதி ஆட்டம், விம்பிள்டனில் ஜோகோவிச்சும் ஃபெடரரும், சில்வர்ஸ்டோனில் ஃபார்முலா ஒன். மூன்றும் ஒரே மதியத்தில். அதுவரை சந்தா கட்டியவர்களுக்கு மட்டும் வந்துகொண்டிருந்த உலகக் கோப்பை அன்றைக்கு மட்டும் சேனல் 4இலும் வந்தது. கார் பந்தயமும் அதே சேனலில் என்பதால் பந்தயம் ஓடிய நேரத்தில் கிரிக்கெட் அவர்களுடைய இன்னொரு சேனலான மோர்4க்குப் போய், முடிந்ததும் திரும்பி வந்தது. டென்னிஸ் பிபிசி ஒன்னில். ஊரிலிருந்து வந்திருந்த அப்பாவுக்கு கிரிக்கெட்டும் வேண்டும், ஃபெடரரும் வேண்டும். கீழே ஹாலில் கிரிக்கெட், மாடியில் பையனின் லேப்டாப்பில் இணையம் வழியாக டென்னிஸ். "ஏம்மா, மேல கத்துறாங்களே, என்ன ஆச்சு பாரு" என்று கேட்டுவிட்டு, நான் எழுந்திருப்பதற்குள் அவரே முட்டிவலியோடு படியேறிவிடுவார். அப்புறம் கீழே விக்கெட் விழுந்த சத்தம் கேட்டு இறங்கி வருவார். டென்னிஸ் ஐந்து மணி நேரத்தைத் தொட்டது, கிரிக்கெட் சூப்பர் ஓவருக்குப் போனது. எங்கள் ஹாலில் இருந்த பெட்டியில் இரண்டு ட்யூனர், டென்னிஸும் பதிவாகியிருந்தது. ஆனால் அதை மாடிக்குக் கொண்டுபோக வழியே இல்லை.

ஏன் இல்லை என்று தேடிப் போனபோதுதான் விஷயம் புரிந்தது. ஃப்ரீவியூ ஹெச்டி தொடங்கிய சமயத்தில் நிகழ்ச்சிகளின் உரிமையாளர்கள் கொடுத்த நெருக்கடியால் பிபிசி ஒரு ஏற்பாடு கேட்டது, 2010இல் ஒளிபரப்பைக் கண்காணிக்கும் அமைப்பான ஆஃப்காம் அதற்கு அனுமதியும் கொடுத்தது. படமும் ஒலியும் திறந்தபடியே வரும். ஆனால் நிகழ்ச்சி விவரப் பட்டியலைச் சுருக்கி அனுப்புவார்கள், அதைப் பிரிக்கும் அட்டவணை வேண்டுமென்றால் பெட்டி செய்பவர்கள் நகலெடுப்பதைக் கட்டுப்படுத்தும் விதிகளுக்கு ஒப்புக்கொள்ள வேண்டும். கடையில் வாங்கும் ஹெச்டி ரெக்கார்டர் பதிவு செய்ததைத் தன் ஹார்ட் டிஸ்கில் பூட்டி வைப்பது இதனால்தான். எங்கள் பெட்டி ஒருநாள் பவர் சப்ளை போய் நின்றுவிட்டது. டிஸ்க் நன்றாகத்தான் இருந்தது. கழற்றிக் கம்ப்யூட்டரில் மாட்டினால் கோப்புகளின் பெயரெல்லாம் தெரிகிறது, ஒன்றும் ஓடவில்லை. பெட்டி செய்த கம்பெனிக்கு எழுதினேன். அந்தப் பெட்டி இல்லாமல் அந்தப் பதிவுகளைத் திறக்க முடியாது என்று மரியாதையாகப் பதில் வந்தது. பையனின் பள்ளிப் பாடகர் குழு ஒரு கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியில் சில விநாடிகள் வந்திருந்தது, அதுவும் அதற்குள்தான் இருக்கிறது.

நிகழ்ச்சியைப் பிறகு பார்ப்பதற்காக வீட்டிலேயே பதிவு செய்துகொள்வதை இந்த நாட்டின் 1988ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் 70ஆம் பிரிவில் வெளிப்படையாக அனுமதிக்கிறது. சட்டம் கொடுத்ததைப் பெட்டி பிடுங்கிக்கொள்ள விடக்கூடாது.

இதே கதை வேறு வடிவத்திலும் நடந்திருக்கிறது. வீட்டு டிவியை எங்கிருந்தும் பார்க்கலாம் என்று 2005இல் வந்த ஸ்லிங்பாக்ஸை நிறையப் பேர் வாங்கினார்கள், நல்ல கருவிதான். 2022 நவம்பர் 9 அன்று கம்பெனி சர்வரை நிறுத்தியது, உலகம் முழுக்க இருந்த பெட்டிகள் அன்றோடு ஓய்ந்தன. விண்டோஸ் மீடியா சென்டரில் டிவி கார்டு போட்டு, எக்ஸ்பாக்ஸ் வழியாக அறைக்கு அறை பார்த்தவர்கள் இருந்தார்கள். 2015இல் விண்டோஸ் 10 வந்தபோது அது எடுக்கப்பட்டுவிட்டது. எந்தக் கருவியை எடுத்துப் பார்த்தாலும் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: நாளைக்கு இந்தக் கம்பெனி கதவைச் சாத்தினால் என் வீட்டில் என்ன ஓடும்?

இப்போது என்னென்ன வழி இருக்கிறது என்று பார்ப்போம். ஏரியல் வயரை ஸ்ப்ளிட்டர் போட்டு மாடிக்கும் இழுப்பது பழைய வழி. நேரலை மட்டும் போதுமென்றால் இதைவிட மலிவு வேறில்லை, படமும் துல்லியமாக இருக்கும். பதிவு மட்டும் கீழேயே இருந்துவிடும். ஹெச்டிஎம்ஐ சிக்னலை வயர் இல்லாமல் அனுப்பும் ஜோடிக் கருவிகள் இருக்கின்றன. கீழே ஓடுவதுதான் மேலேயும் ஓடும், மாடியில் இருப்பவர் சேனல் மாற்றினால் ஹாலில் இருப்பவருக்கும் மாறிவிடும். இரண்டு பேர் இரண்டு விதமாகப் பார்க்கும் வீட்டுக்கு அது சரிவராது. பிபிசியின் ஐபிளேயர் போன்ற ஆப்கள், நேரலைச் சேனல்களை இணையம் வழியாகத் தரும், 2024இல் வந்த ஃப்ரீலி, இவையெல்லாம் இருக்க ஏரியலே எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பலருக்கு அதுவே போதும், அவர்கள் எதையும் வாங்க வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன். எனக்குப் போதவில்லை. இணையம் வழி வரும் நேரலை ஏரியலைவிட அரை நிமிடமோ அதற்கு மேலோ பின்தங்கி வரும், பக்கத்து வீட்டில் கோல் என்று கத்திய பிறகு இங்கே பந்து நகரும். வணிகச் சேனல்களின் ஆப்பில் பணம் கட்டாமல் விளம்பரத்தைத் தாண்ட முடியாது. நிகழ்ச்சி எப்போது காணாமல் போகும் என்பதும் அவர்கள் முடிவு.

நான் போன வழி வேறு. சிக்னலைப் பிடிப்பது, பதிவு செய்து வைப்பது, திரையில் காட்டுவது என்று மூன்று வேலை இருக்கிறது. கடையில் விற்கும் ரெக்கார்டர் மூன்றையும் ஒரே பெட்டிக்குள் வைத்து டிவிக்கு அடியில் உட்கார வைக்கிறது. அந்த மூன்றையும் பிரித்துவிட்டால் அறைப் பிரச்சினை தீர்ந்தது. பிடிக்கும் கருவி ஏரியல் இறங்கும் இடத்தில், வைக்கும் கருவி ரௌட்டருக்குப் பக்கத்தில், காட்டும் கருவி ஒவ்வொரு டிவிக்கும் ஒன்று. எது பழுதானாலும் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

பிடிப்பதற்கு நான் வாங்கியது ஹெச்டிஹோம்ரன், ஐரோப்பிய முறைக்கான நான்கு ட்யூனர் மாடல். சிலிக்கான்டஸ்ட் என்ற அமெரிக்கக் கம்பெனி செய்வது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பெட்டி, ஒரு பக்கம் ஏரியல், ஒரு பக்கம் ஈதர்நெட் கேபிள், பவர், அவ்வளவுதான். வைஃபை கிடையாது, டிவிக்கு வயர் போகும் துளையும் கிடையாது. சேனலை வாங்கி வீட்டு நெட்வொர்க்கில் விடுவது மட்டுமே அதன் வேலை. வாங்கும்போது மாடலில் டி2 என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பழைய டிவிபி-டி மட்டும் உள்ளது வாங்கினால் ஃப்ரீவியூவின் ஹெச்டி சேனல்கள் வராது. அமெரிக்க மாடலை மலிவாகக் கிடைக்கிறதென்று அங்கிருந்து எடுத்து வந்தால் இங்கே எதுவுமே வராது, இரண்டு நாட்டு ஒளிபரப்பு முறையும் வேறு.

எத்தனை ட்யூனர் தேவை என்பதில் பலர் அதிகமாகச் செலவழிக்கிறார்கள். ஃப்ரீவியூவில் ஒவ்வொரு சேனலும் தனித்தனியாக வருவதில்லை, பல சேனல்களைக் கட்டி ஒரே அலைவரிசையில் அனுப்புகிறார்கள், அந்தக் கட்டுக்கு மல்டிபிளெக்ஸ் என்று பெயர். ஒரு ட்யூனர் ஒரு நேரத்தில் ஒரு மல்டிபிளெக்ஸைப் பிடிக்கும், அதற்குள் இருக்கும் எல்லாச் சேனலும் அதோடு வந்துவிடும். பிபிசி ஒன், பிபிசி டூ, ஐடிவி, சேனல் 4, சேனல் 5 ஆகிய ஐந்தின் ஹெச்டி வடிவமும் ஒரே மல்டிபிளெக்ஸில் இருக்கின்றன. அதாவது மென்பொருள் சரியானதாக இருந்தால், ஒரே ட்யூனரை வைத்து பிபிசி ஒன்னைப் பதிவு செய்துகொண்டே சேனல் 4ஐப் பார்க்கலாம். சரியானதாக இருந்தால் என்று சொல்லக் காரணம், எல்லா மென்பொருளும் இதைச் செய்வதில்லை. பிளெக்ஸ் என்ற மென்பொருள் ஒரு சேனலுக்கு ஒரு ட்யூனர் என்றுதான் எடுத்துக்கொள்ளும். டிவிஹெட்எண்ட் கட்டைப் பிரித்து எடுக்கும். அப்படிப் பார்த்தால் நான்கு பேர் உள்ள வீட்டுக்கு இரண்டு ட்யூனரே தாராளம்.

பதிவு செய்து வைக்கும் வேலைக்கு நான் போட்டது இந்த டிவிஹெட்எண்ட், லினக்ஸில் ஓடும் இலவச மென்பொருள். முதல்முறை அமைப்பது கொஞ்சம் முரட்டு வேலை, பிரௌசரில் வரும் அதன் பக்கம் ஒரு பழைய அலுவலகக் கணக்கு மென்பொருள் மாதிரி சின்னச் சின்னப் பெட்டிகளாக நிறைந்திருக்கும். நெட்வொர்க், மல்டிபிளெக்ஸ், சர்வீஸ், சேனல் என்று வரிசையாகப் போனால் வந்துவிடும், ஒரு மாலைப்பொழுது ஒதுக்குங்கள். அமைத்த பிறகு நான் அந்தப் பக்கத்துக்கு அநேகமாகப் போவதே இல்லை. அந்தச் சுருக்கிய நிகழ்ச்சிப் பட்டியலையும் அது ஏரியலிலிருந்தே படித்துவிடும், தொடர் நிகழ்ச்சியை ஒருமுறை குறித்தால் ஒவ்வொரு வாரமும் தானாகப் பதிவு செய்யும். ஜெல்லிஃபின் என்ற இன்னொரு மென்பொருள் பார்க்க அழகு, அதுவும் இலவசம், ஆனால் ஏரியலில் வரும் பட்டியலைப் படிக்காது, வெளியிலிருந்து கோப்பாகக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். பிளெக்ஸில் பதிவு செய்யப் பணம் கட்ட வேண்டும், ஆயுள் சந்தா 2025 ஏப்ரலில் 120 டாலரிலிருந்து 250 டாலருக்குத் தாவியது. சந்தாவைவிட எனக்கு உறுத்துவது, என் வீட்டுக்குள் இருக்கும் பதிவைப் பார்க்க எங்கேயோ ஒரு கணக்கில் நுழைய வேண்டியிருப்பது.

இதெல்லாம் ஓட பெரிய கம்ப்யூட்டர் தேவையில்லை. அலுவலகங்கள் கழித்துக்கட்டும் சின்ன டெஸ்க்டாப் ஒன்று செகண்ட் ஹேண்டில் வாங்கினால் போதும், ராஸ்பெர்ரி பை 4 என்ற கையளவுக் கம்ப்யூட்டர் கூடப் போதும், வருவதை அப்படியே டிஸ்கில் எழுதுவதுதானே வேலை. டிஸ்க் அளவுக்குக் கணக்கு இதுதான்: ஹெச்டி மல்டிபிளெக்ஸில் விநாடிக்கு 40 மெகாபிட், அதைச் சேனல்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன, ஒரு சேனலுக்கு ஐந்தாறு மெகாபிட் என்று வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு இரண்டரை ஜிபி பக்கம். ஒரு டெராபைட்டில் 400 மணி நேரம். பதிவாவது டிஎஸ் என்ற சாதாரண வீடியோ கோப்பு, பூட்டு இல்லை, விஎல்சி பிளேயரில் இழுத்துப் போட்டால் ஓடும், பென் டிரைவில் எடுத்துப் போய் யார் வீட்டிலும் பார்க்கலாம். டிவிஹெட்எண்ட் நாளைக்கே நின்றுபோனாலும் அந்தக் கோப்புகள் அப்படியே இருக்கும்.

அறைக்கு அறை கேபிள் விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். நெட்ஃபிளிக்ஸ் மாடியில் நன்றாகத்தானே ஓடுகிறது, இதுவும் ஓடும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். நெட்ஃபிளிக்ஸ் நெட்வொர்க் மந்தமானால் படத்தின் தரத்தைத் தானாகக் குறைத்துக்கொள்ளும், முன்கூட்டியே நிறைய வாங்கியும் வைத்துக்கொள்ளும். ஏரியலிலிருந்து வரும் நேரலைக்கு அந்த வசதி கிடையாது. அது வரும் வேகத்தில் வந்துகொண்டே இருக்கும், நடுவில் கொஞ்சம் தவறினால் படம் கட்டம் கட்டமாக உடையும். ட்யூனருக்கும் சர்வருக்கும் (பதிவு செய்யும் அந்தக் கம்ப்யூட்டருக்கும்) நடுவில் கண்டிப்பாகக் கேபிள்தான். சர்வரிலிருந்து டிவிக்கு வைஃபை பரவாயில்லை என்றாலும், இங்குள்ள விக்டோரியா காலத்து வீடுகளில் செங்கல் சுவர் இரண்டைத் தாண்டினால் சிக்னல் பாதியாகிவிடுகிறது. மின்சார வயர் வழியாக அனுப்பும் பவர்லைன் கருவிகள் அட்டையில் 1,200 மெகாபிட் என்று போட்டிருக்கும். பழைய வயரிங்கில் அதில் ஒரு சிறு பங்குதான் கிடைக்கும், யாராவது வாஷிங் மெஷின் போட்டால் அதுவும் ஆடும். நாங்கள் படிக்கட்டு ஓரமாக ஒரு ஈதர்நெட் கேபிளை இழுத்துவிட்டோம்.

இன்னொன்று, இதை யாரும் சொல்வதில்லை, ஆனால் விளையாட்டு பார்க்கும் வீட்டில் இதுதான் கண்ணில் படும். இந்த நாட்டு ஒளிபரப்பு விநாடிக்கு 50 படம் என்ற கணக்கில் வருகிறது. டிவியில் செருகும் ஸ்டிக்குகள் பலவும் பெட்டியிலிருந்து எடுக்கும்போது 60 என்ற கணக்கில் வைக்கப்பட்டிருக்கும். ஐம்பதை அறுபதாகக் காட்டும்போது சில பிரேம்கள் இரண்டு முறை வரும். சாதாரண நாடகத்தில் தெரியாது. செய்தியின் அடியில் ஓடும் எழுத்து வரியைப் பாருங்கள், மெதுவாக வழுக்கிக்கொண்டு போக வேண்டியது தட்டுத் தடுமாறிப் போகும். பௌண்டரியை நோக்கிப் போகும் பந்தைத் துரத்தி கேமரா திரும்பும்போது புல்வெளி நடுங்கும். அப்பாவுக்கு இதன் காரணம் தெரியாது, "மாடி டிவியில பார்த்தா கண்ணு வலிக்குதும்மா" என்றுதான் சொன்னார். நிகழ்ச்சியின் வேகத்துக்கேற்ப திரையை மாற்றும் தேர்வு ஸ்டிக்கின் அமைப்பில் இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஸ்டிக்கில் போட்டு டிவிஹெட்எண்ட் தருவதைத் திரையில் காட்டும் கோடி (Kodi) மென்பொருளிலும் அதே மாதிரி ஒன்று இருக்கிறது, அதையும் போட்டுவிடுங்கள். ஹெச்டி சேனல்கள் பெரும்பாலும் 1080 இன்டர்லேஸில் வருவதால், ஒற்றைப்படை வரிகளையும் இரட்டைப்படை வரிகளையும் நன்றாகக் கோக்கும் திறனும் கருவிக்கு வேண்டும், மிக மலிவான ஆண்ட்ராய்டு பெட்டிகள் இதில்தான் கோட்டை விடுகின்றன. சாம்சங், எல்ஜி டிவிகளுக்குள் வழக்கமான வழியில் கோடி கிடைக்காது, அதனால் ஸ்டிக்கோ பெட்டியோ தனியாக வேண்டியிருக்கும்.

எங்களைப் போலக் கோபுரத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. படம் உடைந்தால் சிக்னல் போதவில்லை என்று நினைத்து பூஸ்டர் வாங்குவார்கள். எங்கள் வீட்டுக்கு வந்த ஏரியல்காரரும் அதையே சொல்லி, பூஸ்டருக்கும் பொருத்தியதற்கும் சேர்த்துப் பணம் வாங்கிக்கொண்டு போனார். கிரிஸ்டல் பேலஸ் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் சிக்னல் ஏற்கெனவே மிதமிஞ்சித்தான் இருக்கிறது, ட்யூனர் திணறுவது அதனால். பூஸ்டரைக் கழற்றிவிட்டு, சிக்னலைக் குறைக்கும் சின்ன அட்டெனுவேட்டர் ஒன்றை ஏரியல் துளையில் மாட்டினேன், அதோடு சரியானது.

அப்பாவின் அறையில் இப்போது ஒரு பழைய 32 அங்குல டிவியும் அதன் பின்னால் ஒரு ஆண்ட்ராய்டு பெட்டியும் இருக்கின்றன. போட்டதும் நேராக டிவிப் பக்கத்தில் திறக்கும்படி கோடியை வைத்திருக்கிறேன், சேனல் பட்டியலை அவர் பார்ப்பதாக மட்டும் சுருக்கிவிட்டேன், ஷாப்பிங் சேனல் எதுவும் இல்லை. ஹாலில் பாதியில் நிறுத்திய பதிவை மாடியில் அதே இடத்திலிருந்து தொடரலாம். நேரலையில் மாடிக்கும் கீழுக்கும் ஒன்றிரண்டு விநாடி வித்தியாசம் இருக்கிறது, அது இருந்துவிட்டுப் போகட்டும்.

இன்றைக்குப் புதிதாக வாங்குபவருக்கு என் யோசனை: கம்ப்யூட்டரைத் தொடவே பிடிக்காதவர், ஒரு டிவிதான் முக்கியம் என்றால் கடை ரெக்கார்டரே வாங்குங்கள், பதிவை நிரந்தரம் என்று மட்டும் நினைக்காதீர்கள். இரண்டு மூன்று அறை, பார்க்கிற ஆட்கள் வேறு வேறு என்றால் இரண்டு ட்யூனருக்குக் குறையாத நெட்வொர்க் ட்யூனர், ஒரு பழைய சின்ன கம்ப்யூட்டர், டிவிஹெட்எண்ட். கூரையில் ஏரியல் இல்லாமல் டிஷ் மட்டும் இருக்கும் வீடு என்றால் டிஷ் வழியாக இலவசமாக வரும் ஃப்ரீசாட் சேனல்களுக்கு இதே வேலையைச் செய்ய சாட்-ஐபி என்ற வகைக் கருவிகள் இருக்கின்றன, டிவிஹெட்எண்ட் அவற்றோடும் பேசும். ஏரியல் ஒளிபரப்புக்கான உரிமங்கள் 2034 வரை இருக்கின்றன, அதனால் இப்போது வாங்கும் ட்யூனர் வீணாகாது. வாடகை வீடு, சுவரில் துளை போட முடியாது என்றால் தட்டையான ஈதர்நெட் கேபிள் வாங்குங்கள். கார்ப்பெட் ஓரத்தில் அழுத்திவிட்டால் உள்ளே போய்விடும், கதவுக்கு அடியிலும் தடையில்லாமல் போகும், வீட்டைக் காலி செய்யும்போது சுருட்டி எடுத்துக்கொண்டு போகலாம்.